ஓரகத்தி வீட்டுப் பிளாஸ்மா

கடையில் வைத்துப் பார்த்தபோது எங்கள் டிவிதான் அழகாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

குண்டு டிவிகள் எல்லாம் ஓய்வுபெற்று, சுவரில் மாட்டுகிற தட்டை டிவிகள் ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிவிடலாம் என்று நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். நான், என் கணவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் கொழுந்தன், அவன் மனைவி. அவளும் நானும் ஓரகத்திகள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களுக்கு நடுவில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் எங்களுக்குள்ளும் இருந்தது. வெளியில் மட்டும் தெரியாது. அவள் என்னை வாய் நிறைய அக்கா என்பாள்.

கடைக்காரர் ஒரு சுவரில் எல்.சி.டி.யையும் பிளாஸ்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டிருந்தார். கடலுக்கடியில் மீன்கள். கடை முழுக்கக் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் பிளாஸ்மாவின் கண்ணாடியில் மீன்களோடு குழல்விளக்கும் நீந்தியது. நடுவில் என் முகம் வேறு. எல்.சி.டி.யில் அந்தத் தொந்தரவு இல்லை. மீன் மீனாகத் தெரிந்தது, பளிச்சென்று.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். சும்மா போய் நிற்கவில்லை. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேண்டிய இடத்தில் அநேகமாக அணைந்துவிடும். எல்.சி.டி.யில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும். முன்னால் இருக்கிற படிகங்கள் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். எவ்வளவுதான் இறுக்கி மூடினாலும் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசியத்தான் செய்யும். அதனால் இருட்டறைக்குப் பிளாஸ்மா, வெளிச்சமான அறைக்கு எல்.சி.டி. பிளாஸ்மா கரண்டைக் குடிக்கும், சூடாகும். ஒரே படத்தை நெடுநேரம் காட்டினால் அது கறையாகத் தங்கிவிடும். ஆனால் ஒரே விலைக்கு எல்.சி.டி.யைவிடப் பெரிய பிளாஸ்மா கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஹால் தெருவைப் பார்த்தது. பகலில் வாசல் கதவைச் சாத்துகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. சாத்தினால் பக்கத்து வீட்டார் வந்து யாருக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரிப்பார்கள். எனவே எங்களுக்கு எல்.சி.டி. என்று முடிவு செய்தேன். இதையெல்லாம் ஓரகத்திக்கும் பொறுமையாக விளக்கினேன். பரீட்சைக்கு முந்தின நாள் என் மாணவிகள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படியே ஆட்டினாள்.

“ரெண்டும் ஒரே வெலதானக்கா?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப எது பெருசோ அத எடுத்துக்கிடுதோம்.”

எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. பாவம், ஏமாந்துபோகிறாளே என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டை நான் கணக்கில் எடுக்க மறந்திருந்தேன். ரயில் பெட்டி மாதிரி நீள வீடு. நடு ஹாலுக்கு ஜன்னலே கிடையாது, பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். நான் அதுவரை குறையாகச் சொல்லிக்கொண்டிருந்த இருட்டு அது. கொழுந்தன் லைட்டை அணைத்து டிவியைப் போட்டான். பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஏதோ ஒரு ராத்திரி, கையில் விளக்கோடு ஒரு பெண் படியிறங்கி வருகிறாள். அவளுக்குப் பின்னால் இருந்த இருட்டு நிஜமான இருட்டு. எங்கள் டிவியில் அதே காட்சி, ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி சாம்பல் பூத்துத்தான் தெரியும். அவள் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், மூக்குத்தியில் ஒரு பொட்டு ஒளி. பார்க்க நன்றாக இருந்தது என்பதுதான் தாங்க முடியவில்லை.

“கரண்ட் பில்லு எம்புட்டு வரும்னு பாத்துக்கிடுங்க” என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்த ஒரே நல்ல வார்த்தை அது.

என் கணவர் அதற்குள் சட்டையைக் கழற்றிப்போட்டுத் தரையில் படுத்துவிட்டார். எங்கள் எல்.சி.டி.யைத் தரையில் படுத்துப் பார்த்தால் முகமெல்லாம் கறுத்துப்போய் போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரியும். நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் படம்.

“ஏட்டி, இங்க வந்து படுத்துப் பாரேன். எங்கிட்டு இருந்து பாத்தாலும் ஒண்ணுபோல இருக்கு” என்றார் அவர்.

நான் படுக்கவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன். நின்றுகொண்டு பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியது. என் கணவர் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். வாரம் முழுக்க ஷிப்டு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார், அல்லது நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். மகன் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அவர் காலைப் பலகாரம் முடித்ததும் சட்டையை மாட்டத் தொடங்கினார்.

“தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். மேட்ச் இருக்கு.”

பைக்கை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். கையில் பால்கோவாப் பொட்டலம் இருக்கும். திங்கட்கிழமை அதை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஆசிரியர் அறையில் வைத்துவிடுவேன். எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அவர் வீட்டில் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. குழாயில் வாஷர் மாற்றுவார், பேப்பர் படிப்பார், காபி கேட்பார், மத்தியானம் வாய் பிளந்து தூங்குவார். இருந்தாலும் அது என் நாள். என் வீட்டில், என் கண்முன்னால் தூங்க வேண்டிய மனுஷன், ஜன்னலில்லாத ஒரு வீட்டில் போய்ப் படுத்துக்கிடக்கிறார், அதுவும் ஒரு டிவிக்காக என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. அந்த டிவி மேலும், அதை வாங்கியவள் மேலும், எது பெருசோ அது என்ற அந்த ஒரு பேச்சு மேலும் எனக்கு வந்த பொறாமையை இப்போது எழுதும்போதுகூட முழுசாக அடக்க முடியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. ரிமோட்டை எடுத்து உட்கார்ந்து, வெளிச்சத்தைக் குறைத்து, நிறத்தைக் குறைத்து, கறுப்பைக் கறுப்பாக்கப் பார்த்தேன். கறுப்பு வந்தது, கூடவே மற்ற எல்லாம் மங்கிப்போனது. தரையில் படுத்தாலும் தெரியட்டும் என்று ஆள் வைத்து டிவியைச் சுவரில் கீழே இறக்கி மாட்டினேன். பஞ்சு மெத்தையை விரித்து வைத்தேன். ஒரு ஞாயிறு அதில் படுத்து அரைமணி நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. பந்துக்குத்தான் வாலு மொளைக்குது” என்றார்.

உண்மைதான். பவுலர் வீசினால் பந்துக்குப் பின்னால் ஒரு மங்கல் கோடு இழுத்துக்கொண்டு போகும். எங்கள் எல்.சி.டி.க்கு வேகம் போதாது. எங்கள் மின்சாரக் கட்டணம் அவர்கள் கட்டணத்தைவிடக் குறைவு என்று எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் கட்டணத்தைப் பார்க்க பைக் ஏறி வருவதில்லை.

அந்த ஆண்டுகளில் கரண்ட் போவது தெரியும்தானே. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், ஊருக்கு ஊர் நேரம் மாறும். எங்கள் வீட்டு இன்வர்ட்டரில் ஃபேனோடு எல்.சி.டி.யும் தாராளமாக ஓடும். பிளாஸ்மாவைப் போட்டால் அவர்கள் இன்வர்ட்டர் கூப்பாடு போடும். இதை நான் வாங்கும்போதே சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்ச் சூடுபிடித்திருந்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கரண்ட் போகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் டிவியில் மேட்சைப் போட்டுவிட்டு அவருக்கு போன் அடித்தேன்.

“அங்க கரண்ட் இல்லைல்ல? இங்க ஜம்முனு ஓடுது, வாங்க.”

“வந்துரும்ட்டி. செத்த நேரத்துல வந்துரும்” என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் எனக்குப் புரியாத ஒரு மேட்சைத் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். ஓடுகிற என் டிவி வேண்டாம், அணைந்து கிடக்கிற அந்த டிவி முன்னால் காத்துக்கிடக்கிறாராம். அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கண்ணாடியில் என்று எரிந்தேன். இயற்பியல் படித்தவளுக்கு அன்று வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

அப்புறம் மார்கழி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி என்றால் விடிகாலையிலேயே ஊர் குளித்துவிடும். உள்ளூர் கேபிளில் கோயில் தாயாரின் படத்தை அசையாமல் வைத்து, பின்னால் பாட்டு ஓடவிடுவார்கள். சாய்ந்த கொண்டை, கையில் கிளி, கழுத்தில் மாலை. என் ஓரகத்தி கோலம் போடப்போகும் முன்னால் டிவியைப் போட்டாள் என்றால், பொங்கல் வைத்து, படைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறவரை அது நின்றுகொண்டே இருக்கும். தாயார் திரையில் இருக்கும்போது எப்படி அணைப்பது என்பது அவளுடைய கேள்வி. அந்தத் தெருவில் யாருமே அணைக்க மாட்டார்கள். விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி அது.

நான் போன் பண்ணிச் சொன்னேன். “ஒரே படத்த அம்புட்டு நேரம் வைக்காத. பிளாஸ்மால அது தங்கிரும்.”

“தாயார் தங்குனா நல்லதுதானக்கா” என்றாள்.

தை பிறந்த பிறகு அவளே போன் பண்ணினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“அக்கா, தாயார் நம்ம வீட்டுலயே தங்கிட்டாக!”

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஸ் ஏறிவிட்டேன். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே குதூகலம். அதை மறைப்பானேன்? போய்ப் பார்த்தால் வாசலில் செருப்புகள். ஹாலில் தெருப் பெண்கள் கைகூப்பி நின்றார்கள். டிவியில் செய்தி ஓடியது. வாசிக்கிறவருடைய தோளுக்குப் பின்னால், நீர்க்கறை மாதிரி லேசாக, அந்தச் சாய்ந்த கொண்டை. கொஞ்சம் கீழே மாலையின் வளைவு. வலது ஓரத்தில், சந்தேகமே இல்லாமல், கிளி. வெள்ளையான படம் வந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதற்காக ஒரு பெண் சோப்பு விளம்பரம் வரும்வரை காத்து நின்றாள். டிவியின் கீழ்ச் சட்டத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வரன் தள்ளிப்போகிற மகளைக் கூட்டிக்கொண்டு மம்சாபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள்.

“இது பழுது. அந்தந்த இடத்துப் புள்ளியெல்லாம் தேஞ்சுபோச்சு” என்றேன்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“ரிப்பேருன்னா வெளம்பரமும் தங்கணும்ல மதினி? தாயார் மட்டும் ஏன் தங்குனாக?” என்று கேட்டான் கொழுந்தன்.

விளம்பரம் அசைகிறது, தாயார் படம் அசையவில்லை. என்னிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஓரகத்தி என் கையில் பிரசாதத்தைக் கொடுத்தாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூடக் கர்வம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வீட்டில் கறை பட்டாலும் அது அருளாகிவிடுகிறது. என் டிவியில் ஒரு கறை இல்லை, ஒரு கோடு இல்லை. அதை ஒருத்தரும் வந்து பார்த்ததில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நல்லதாக ஒன்று தோன்றியது. இனி அதில் எவன் கிரிக்கெட் பார்ப்பான்? பவுலர் ஓடிவருகிற வழியில் கிளி உட்கார்ந்திருக்குமே. அவர் வீட்டில் இருப்பார். அது போதும் எனக்கு, கிளியை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கனமான நீலத் திரைச்சீலை வாங்கித் தைத்து மாட்டினேன். வாசல் கதவைச் சாத்தினேன். சாத்திய கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டம்மாள் தட்டி யாருக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள். கறிக்குழம்பு வைத்தேன். இருட்டில் எங்கள் டிவி, சும்மா சொல்லக்கூடாது, கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு மெத்தையில் உட்கார்ந்து ஒரு ஓவர் பார்த்தார்.

“நல்லாத் தெரியுது” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து சட்டையை எடுத்தார். “தம்பி தேடுவான். செத்த நேரம் போயிட்டு வந்துருதேன்.”

“அங்க கிளியில்ல தெரியும்?”

“அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

பைக் சத்தம் தெருமுனை தாண்டுகிறவரை நான் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கிளி உட்கார்ந்த டிவியைவிட என் டிவி மட்டமா? அல்லது டிவியே இல்லையா விஷயம்? இரண்டாவது கேள்வி அப்போதுதான் முதல்முறையாக வந்தது. வந்தபின் போகவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மேட்ச் எதுவும் கிடையாது. பேப்பரில் பார்த்து வைத்திருந்தேன். அவர் வழக்கம்போல, “மேட்ச் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் சேலையை மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போய் அந்த வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே அவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

என் கணவர் பேச மாட்டார். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமா, இல்லை, சரி, காபி. இங்கே அவர் குரல் ஏறி இறங்கி, ஆள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். டிவி சத்தமில்லாமல் எதையோ காட்டிக்கொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவர் வெறும் உடம்போடு தரையில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் தம்பி. ஓரகத்தி சுவரில் சாய்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மில்லில் ஃபோர்மேன் வேலையை இவருக்குத் தரவில்லையாம். இவரிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவன் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, “என்னப்பா, முடிஞ்சுதா?” என்று இவரைக் கேட்கிறானாம். அவன் நடையை, அவன் கனைப்பை, படுத்துக்கொண்டே நடித்துக் காட்டினார். தம்பி புரண்டு புரண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் இவர், “முட்டி வலியோட ஏணியில ஏறயில அதுதாம்டா நெனப்பு வருது” என்றார். தம்பி அவர் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிவிடத் தொடங்கினான்.

ஃபோர்மேன் வேலை கிடைக்காமல் போனது எனக்குத் தெரியாது. முட்டி வலிப்பதும் தெரியாது.

“அக்காகிட்டச் சொன்னீகளா அத்தான்?” என்று ஓரகத்தி கேட்டாள்.

“அவகிட்டயா? மொதக் கேள்வியே, நீங்க ஏன் மேனேஜருட்டக் கேக்கலம்பா. ரெண்டாவது கேள்வி வரையில நான் தாங்க மாட்டேன் தாயி.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் உள்ளே புகுந்து சண்டை போட்டிருப்பேன், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இத்தனை நாள் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு என் பொறாமையை வீணடித்திருக்கிறேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை, அவரைக்காய்தான் நறுக்கினாள், கேட்டாள். என் புருஷன் பேசுவதை அவள் கேட்கிறாள். வாசலிலேயே அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். தம்பி மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்டார்.

“என்னட்டி, வீட்டுல எதுவும் ஆயிப்போச்சா?”

“ஒண்ணுமில்ல” என்றேன். “டிவி பாக்கத்தான் வந்தேன்.”

ஓரகத்தி அவசரமாக அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு எனக்கு நாற்காலியை நேராக இழுத்துப் போட்டாள். கொழுந்தன் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். ஏதோ ஒரு பழைய படம். நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்தோம். படம் முடிகிறவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.